கடல் குடித்த கெஸ்ட்ரல்

அத்தியாயம் 6

பூனை ஒன்று மியூசியம் ஹாலின் குறுக்கே ஓடியது. அதன் பின்னால் செக்யூரிட்டி முகம்மது சித்தீக் ஓடினார்.

"ச்சூ... போ அங்கிட்டு! உமாபதி சார் பாத்தா உன்னய விட்டுட்டு என்னயத்தான் ஊருக்கு அனுப்புவாரு!"

பூனை அவசரப்படவில்லை. சாவகாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஹாலின் நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் மறுபடியும் வந்து உட்கார்ந்து, நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டது.

"மேடம், நமக்கு முன்னாலயே ஒரு ஆள் விசாரணைக்கு வந்து உக்காந்தாச்சு," என்றான் சாகிர்.

ஜலஜா சிரிக்கவில்லை. நாகர்கோவில்காரி, ஐம்பதைத் தொட்டவர், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் திருட்டுக் கேஸ்களை நோண்டிப் பார்ப்பதுதான் தொழில். சாகிருக்குக் காயல்பட்டினம். அவருக்குக் கார் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஜோக் அடிப்பான். அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே அடித்துக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

பயத்துக்குக் காரணம் காலையில் வந்த ஒரு போன். ரெபேக்காள் என்ற நர்ஸ் அழுதுகொண்டே பேசினாள். ஷார்ஜாவில் இருக்கும் இந்தத் தனியார் ஆயுத மியூசியத்தில் ஏசி டெக்னீஷியனாக வேலை பார்க்கும் கிளிட்டஸ் அவளுடைய கணவன். இங்கிருந்த விலைமதிப்பில்லாத ஒரு துப்பாக்கியைக் களவாடிவிட்டான் என்று அவனைத் தொழிலாளர்கள் தங்கும் கம்பெனி கேம்பில் ஒரு ரூமில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் போலீஸ் வந்து புகாரை எழுதிக்கொள்ளும். இந்த ஊரில் கைப்பையைத் திருடினாலே பெரும்பாடு. ஆயுதத்தைத் திருடினான் என்று எழுதிவிட்டால், வெளியே வரும்போது கிளிட்டஸுக்குத் தலை நரைத்திருக்கும். அவள் அழுத அழுகையில் மனசு கேட்காமல், "ஒண்ணும் ஆகாதுக்கா, சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துருவோம்," என்று சாகிர் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், யாரைக் கேட்டுச் சொன்னோம் என்று உறைத்தது.

"வாங்க மேடம், வாங்க." கோட்டும் டையுமாக மேனேஜர் உமாபதி வந்தார். கோயம்புத்தூர் மரியாதை வார்த்தைக்கு வார்த்தை சொட்டியது. "வெளிய வெயில் கொல்லுதுங்களா? ஜூஸ் சொல்லட்டுங்களா?"

"துப்பாக்கியைச் சொல்லுங்க," என்றார் ஜலஜா.

உமாபதி கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கறுப்புத் துணிமேல் கிடந்த சாமான், சாகிரின் கண்ணுக்கு யாரோ முன்பின்னாக மாட்டிவிட்ட துப்பாக்கி போல இருந்தது. விசை நடுவில் இருந்தது. தோட்டா போடும் மேகசின் அதற்கும் பின்னால், தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையில் செருகியிருந்தது.

"இது பேரு கெஸ்ட்ரலுங்க. ரெண்டாவது உலகப் போர் முடிஞ்ச கையோட இங்கிலாந்துல ஒரு சின்னப் பட்டறையில செஞ்சது. நீளத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு லாரியில ஏறி எறங்கச் சிப்பாய்களுக்குச் சிரமமுங்க. நீளத்தைக் குறைக்கோணும். ஆனா குழலை வெட்டினா குறி தப்பிரும். என்ன பண்ணினாங்கன்னா, குழலை அப்படியே வுட்டுட்டு, மெஷினைப் பூராவும் பின்கட்டைக்குள்ள தள்ளிட்டாங்க."

"மத்த துப்பாக்கில வெறும் மரமா இருக்கிற எடத்துலதான் இதுக்கு உயிரே இருக்கு," என்றார் ஜலஜா.

"கரெக்டுங்க!"

"எனக்கு இடது கைப் பழக்கம்," என்றான் சாகிர். "நான் சுடலாமா சார்?"

"சுட்டீங்கன்னா காலித் தோட்டா சூடா உங்க கன்னத்துல வந்து அடிக்குமுங்க. மெஷின் கன்னத்துக்குப் பக்கத்துலயே இருக்குதில்ல? சோதனை பண்ணறப்ப ஒரு சிப்பாய்க்கு அப்படித்தான் வெந்து போச்சாமுங்க."

"அப்ப நான் சமாதானக் கட்சி."

உமாபதி சிரித்தார். கூட்டம் வந்தால் ஒப்பிக்கும் பாடம் அது என்பது தெரிந்தது. அதில் ஒரு பெருமையும் இருந்தது. மூன்று கெஸ்ட்ரல்களைக் கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டு, ஊறிய பிறகு எடுத்துத் துடைக்காமல் அப்படியே சுட்டுப் பார்த்தார்களாம். இரண்டு மக்கர் செய்தன. ஒன்று மட்டும் சுட்டது. அந்த ஒன்றுதான் இது.

"அவ்வளவு கெட்டிக்காரத் துப்பாக்கின்னா பட்டாளத்துல ஏன் சேக்கல?"

"கூட்டாளி நாட்டுக்காரங்க பெரிய தோட்டாதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாங்க. இது சின்னத் தோட்டாவுக்குன்னு செஞ்சது. செஞ்ச அத்தனையும் அறுத்துப் போடச் சொல்லிட்டாங்க. இது ஒண்ணு எப்படியோ தப்பிச்சு, கை மாறிக் கை மாறி நம்ம அர்பாப் கைக்கு வந்துச்சுங்க."

அர்பாப் என்றால் முதலாளி. வேட்டைப் பறவை வளர்ப்பதில் பைத்தியமான பெரிய மனிதர். கெஸ்ட்ரல் என்பது ஒரு சின்ன வல்லூறின் பெயர் என்று கேள்விப்பட்டதுமே விலை பேசாமல் வாங்கியவர். கடலில் ஊறியதால் குழலிலும் பக்கத் தகட்டிலும் பழுப்பாக ஒரு கறை படிந்திருந்ததாம். விருந்தாளிகள் வந்தால் முதலில் அந்தக் கறையைத்தான் காட்டுவார். "இந்தப் பறவை கடலைக் குடித்த பறவை" என்பார்.

போன வாரம் விருந்தாளிகளோடு வந்து பார்த்தபோது கறை இல்லை. துப்பாக்கி புது மாப்பிள்ளை போல மின்னிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சுங்க," என்றார் உமாபதி. "லண்டன்ல இருக்கிற நிபுணர்கிட்ட வீடியோ கால்ல காட்டினோம். கறையில்ல, மேல்பூச்சு புதுசா இருக்குது, இது போலிதான்னு சொல்லிட்டாரு. நேர்ல வர அடுத்த மாசம் ஆகுமாமுங்க. கேமராவை ஓட்டிப் பாத்தா, இந்தக் கிளிட்டஸ் பய துப்பாக்கியத் துண்டுல சுத்திப் பின்னாடி வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போறான். கொஞ்ச நேரங்கழிச்சுத் திருப்பிக் கொண்டாந்து வைக்கறான். அசல் உள்ள போச்சு, போலி வெளிய வந்துச்சு. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"இதைத் திறந்து பாத்தீங்களா?"

"ஐயோ, போலீஸ் இல்லாம ஒரு ஸ்க்ரூவைத் தொடக்கூடாதுங்க. அர்பாப்போட லைசென்ஸே போயிரும்."

ஜலஜா பெட்டியின் அருகே குனிந்தார். உடனே மூன்று தும்மல் தும்மினார். பெட்டியின் கால் ஓரமாக ஒரு பகூர் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அரபி வீட்டு வாசனைக்கட்டை. நல்ல உயர்ந்த ரகம். சாகிருக்குக் கண் எரிந்ததே தவிர வாசனை தெரியவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவன் மூக்கு வேலை செய்வதில்லை.

உமாபதி போன் பேச ஒதுங்கியபோது ஜலஜா சித்தீக்கிடம் கேட்டார். "அண்ணே, ஹால் பூராவும் துப்பாக்கி கெடக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் பகூர்?"

"முந்தியெல்லாம் வாசல்ல மட்டுந்தான் போடுவாக. இப்பத்தான் இங்க ஒண்ணு. உமாபதி சார் உத்தரவு." சித்தீக் பூனையைக் காலால் நகர்த்தினார். "இந்தச் சனியனும் பகூரும் ஒரே நாள்ல வந்து சேந்துச்சுக. தெருப் பூனை. ஏசி காத்துக்கு வருதுன்னு பாத்தா, வேற எங்கயும் ஒக்கார மாட்டேங்குது."

"என்னைக்குலேருந்து?"

"கிளிட்டஸ் அதக் கொண்டாந்து வச்ச மறுநாக் காலையிலருந்து."

ஜலஜா பூனையைப் பார்த்தார். பூனை ஜலஜாவைப் பார்த்தது. இரண்டு பேரில் யாருக்கு விஷயம் அதிகம் தெரியும் என்று சாகிரால் சொல்ல முடியவில்லை.

*

அல் குசைஸுக்குப் போகும் வழியில் வண்டிகள் நகரவே இல்லை. சாகிர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்த ஆள் எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா நீ குடுத்த வாக்கை நீயே போய் ரெபேக்காள்கிட்டத் திருப்பி வாங்கணும்," என்றார் ஜலஜா. "என்கிட்டக் கேக்காம இனிமே யாருக்கும் ஆறுதல் சொல்லாத டே."

அவன் வாக்குக் கொடுத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. சாகிர் அதன்பிறகு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு பிளாட்டை மூன்று குடும்பங்கள் பங்குபோட்டிருந்தன. ரெபேக்காளின் பங்கு ஒரு கட்டிலும் ஒரு திரையும் ஒரு ஜன்னலும். நைட் டியூட்டி முடித்து வந்தவள் யூனிபார்மைக்கூட மாற்றியிருக்கவில்லை. கிளிட்டஸ் லீவு நாளில் மட்டும் கேம்பிலிருந்து இங்கே வருவான்.

"அவிய எடுக்கல்ல அக்கா." ஜலஜாவின் பேச்சில் சொந்த ஊர் வாடை வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊரு முட்டத்துல கேட்டுப் பாருங்க. அடுத்தவன் வலையில கெடந்த மீனைத் தொடாத குடும்பம். ஆனா என்ன கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டேங்காவ. போனுல ஒரே வார்த்ததான். 'நான் எடுக்கல்ல, ஆனா என்னய மன்னிச்சிரு.' எடுக்கலேன்னா எதுக்கு அக்கா மன்னிப்பு?"

சாகிருக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது.

ஜலஜா சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கட்டிலின் கால்களைப் பார்த்தார். பழைய இரும்புக் கட்டில்தான். ஆனால் கால்கள் கண்ணாடி போல மின்னின. ஜன்னல் கம்பிகளும் அப்படியே.

"இதெல்லாம் யாரு செஞ்சது?"

"அவியதான்." அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "துருவைக் கண்டா அவியளுக்கு ஆகாது. கடக்கரையில பொறந்தவியல்லா? ஒரு புள்ளி துரு விட்டா வள்ளத்துக்க ஆணியே போயிரும்னு அவிய அப்பா சொல்லிச் சொல்லி வளத்திருக்காவ. வந்தன்னைக்கே உப்புத்தாள் வச்சுத் தேச்சு எண்ணெ போட்டாச்சு. அதுல ரூம்காரியளுக்கு ஒரே சண்டை, நாத்தம் தாங்கலேன்னு."

"என்ன எண்ணெ?"

கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று பிளாஸ்டிக் கவர்களில் சுற்றிய ஒரு பாட்டில் வந்தது. "சுறா எண்ணெ. மாமா கொடுத்துவிட்டது. முட்டுவலிக்குத் தடவ, இரும்புக்குப் போட, எல்லாத்துக்கும் இதுதான். ரெண்டு பாட்டில் வந்துச்சு. ஒண்ணைக் கேம்புக்குக் கொண்டு போயிட்டாவ."

ஜலஜா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாகிரிடம் நீட்டினார். "பாரு."

"என் மூக்கு கொரோனாவுலயே விசாவைக் கான்சல் பண்ணிட்டு எக்ஸிட் அடிச்சிருச்சு மேடம்."

"குடுத்து வச்சவன்." அவர் ரெபேக்காளிடம் திரும்பினார். "இங்க பூனை வருமா?"

"வந்து தொலையும் அக்கா. கட்டில் காலை நக்கிக்கிட்டே கெடக்கும். ஏன்?"

சாகிருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கண்ணாடிப் பெட்டி. மீசையைத் துடைத்துக்கொண்ட பூனை. அவன் ஜலஜாவைப் பார்த்தான். அவர் கண்ணாலேயே, இங்கே வேண்டாம் என்றார்.

படியில் இறங்கும்போது அவனால் அடக்க முடியவில்லை. "கறை! அவர் கறையைத் தேச்சு எடுத்துட்டாரு! திருடவேயில்ல. துண்டுல சுத்திக் கொண்டு போயி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சுறா எண்ணெய் பூசிக் கொண்டாந்து வச்சுட்டாரு. பெட்டில இருக்கிறது அசல்தான் மேடம்!"

"ம்."

"என்ன ம்? சந்தோஷப்பட வேண்டாமா?"

ஜலஜா காருக்குள் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். "அசல்னு எப்படி டே நிரூபிப்பே? அதுக்கு இருந்த ஒரே அடையாளம் அந்தக் கறை. அதை அவன் தேச்சுத் துடைச்சாச்சு. லண்டன்காரன் போலிங்கான். அவன் நேர்ல வர ஒரு மாசம் ஆகும். போலீஸ் அஸருக்கு வருது. 'பூனை நக்குச்சு, அதனால இது அசலு'ன்னு நீ போய்ச் சொல்லு, எழுதிக்கிடுவாங்க. தன்னைக் காப்பாத்த வேண்டிய சாட்சியை அந்தப் பாவி தன் கையாலயே அழிச்சிருக்கான்."

சாகிர் காரை எடுத்தான். சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. களவு செய்யாதவன் களவுக்காக உள்ளே போகப் போகிறான். நாம் உண்மையைத் தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம். இதற்கு ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஷார்ஜா எல்லையைத் தாண்டும்வரை ஜலஜா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே அவன் நினைத்தான்.

"சாகிர்."

"மேடம்?"

"நீ இடது கையால சுட்டா காலித் தோட்டா ஏன் கன்னத்துல அடிக்கும்?"

"மெஷின் கன்னத்துக்குப் பக்கத்துல இருக்கிறதால. பின்கட்டைக்குள்ள..." அவன் நிறுத்தினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"கிளிட்டஸ் துப்பாக்கியைக் கண்டிருக்கானா? இல்ல. வள்ளத்தைக் கண்டிருக்கான், ஏசியைக் கண்டிருக்கான். பின்கட்டை அவனுக்கு வெறும் மரக்கட்டை. அதுக்குள்ள இரும்பு இருக்கும்னு அவனுக்குத் தோணியே இருக்காது." ஜலஜா வாட்சைப் பார்த்தார். "யல்லா, வேகமா மிதி."

*

போலீஸ் லெப்டினன்ட் ஆமிரா அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். இளவயது, மடிப்புக் கலையாத யூனிபார்ம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மேசை போட்டுப் புகாரைப் படித்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக நீலக் கம்பெனிச் சட்டையில் கிளிட்டஸ் நின்றான். நல்ல உயரமான ஆள். தன்னைச் சின்னதாக்கிக்கொள்ள முயல்பவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட்டால் போதும்," என்று உமாபதி ஆங்கிலத்தில் குழைந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றார் ஜலஜா. தன் கார்டை நீட்டி, தான் யார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "கையெழுத்துக்கு முன்னால் இந்தத் துப்பாக்கியைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கிறது."

"இது போலி என்று நிபுணர் சொல்லியிருக்கிறாரே?"

"போலியாக இருந்தால் திறப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை."

உமாபதி இடையில் புகுந்தார். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? ஏற்கெனவே நேரமாச்சுங்க..."

ஆமிரா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

கெஸ்ட்ரல் மேசைக்கு வந்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற கை. பின்கட்டையின் தகட்டைப் பிடித்திருந்த பின்னை எங்கே அழுத்த வேண்டும் என்று தேட ஆமிராவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தகடு இறுகியிருந்தது. இரண்டாவது தட்டில் விட்டுக்கொடுத்தது. உள்ளே இருந்த இரும்பு மெல்ல வெளியே வந்தது.

பழுப்பு. வெளியே எவ்வளவு மினுக்கமோ அவ்வளவுக்கு உள்ளே பழுப்பு. இரும்பு முழுக்கக் குழி குழியாக அரித்து, மூலைகளில் உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்தது. எழுபது வருஷத்துக்கு மேலாக யாரும் துடைக்காத கடல்.

சாகிர் போட்டோ எடுக்க மறந்து நின்றான்.

"மூன்று துப்பாக்கியைக் கடலில் தொங்கவிட்டார்கள்," என்றார் ஜலஜா. "இதைப் போலியாகச் செய்பவன் வெளிக் கறையைத்தான் வரைவான். வெளியே பளபளப்பாக விட்டுவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை வருஷத் துருவை உண்டாக்கி வைக்க மாட்டான். இது அசல் கெஸ்ட்ரல். இந்தப் பெட்டியை விட்டு ஒரே ஒரு தடவை வெளியே போனது, வொர்க்‌ஷாப்புக்கு. அங்கே கிளிட்டஸ் இதைத் தேய்த்து எண்ணெய் போட்டான். அவ்வளவுதான்."

ஆமிரா இரும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புகார்க் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்பாடா!" உமாபதி நெஞ்சில் கை வைத்தார். முகம் வெளிறியிருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வேளைங்க! ஒரு அப்பாவிப் பையன் மாட்டியிருப்பான். இப்படிக் கிறுக்குத்தனம் பண்ணியிருப்பான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? கிளிட்டஸு, ஏம்ப்பா என்கிட்டச் சொல்லல?"

கிளிட்டஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பார்வை சாகிருக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது கோபம் இல்லை.

"உமாபதி சார்," என்றார் ஜலஜா. இப்போது தமிழுக்கு மாறியிருந்தார். "இந்தப் பகூர் எதுக்கு?"

"அது... பூனைக்குங்க. பூனை வந்து தொல்லை பண்ணுச்சு."

"பூனைக்கு நாய் வைப்பாங்க, கதவை அடைப்பாங்க. பகூர் வைக்க மாட்டாங்க. பகூர் நாத்தத்துக்கு. சுறா எண்ணெ நாத்தத்துக்கு. கிளிட்டஸ் இதைத் திருப்பி வச்ச மறுநாக் காலையில சட்டி வந்திருக்கு. அர்பாப் கறையைக் காணோம்னு கேட்டது போன வாரம். அதுக்கு முந்தியே உங்களுக்கு இது நாறுதுன்னு தெரியும். களவாணி எவனாவது போலியை வச்சுட்டு, அதுக்கு மீன் எண்ணெயைப் பூசி ஊரையே கூப்பிடுவானா? இது தேச்ச துப்பாக்கின்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் களவுன்னு எழுதினீங்க."

"இல்லீங்க... அது..."

"யாரு தேய்க்கச் சொன்னா?"

"நான் தேய்க்கச் சொல்லலீங்க!" உமாபதியின் குரல் ஹால் முழுக்க எதிரொலித்தது. "விருந்தாளிக வர்றாங்க, பளபளன்னு வைன்னுதானுங்க சொன்னேன்! துணியில துடைப்பான்னு பாத்தா, இப்படிக் கறையோட சேத்துத் தேச்சுப்போடுவான்னு நான் கண்டனா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தமிழ் புரியாத ஆமிராவுக்குக்கூட அந்த முகத்தைப் பார்த்தால் போதுமாக இருந்தது. அவர் நாற்காலியைக் காட்டினார். உமாபதி உட்கார்ந்தார். டை கழுத்தை இறுக்கியது போலிருக்கிறது. அதை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"அர்பாப் எல்லாருக்கும் முன்னால வச்சு, கறை எங்கேன்னு கேட்டாருங்க," என்றார், ஜலஜாவைப் பார்க்காமல். "என் வாயில அதுதான் வந்துச்சு. மாத்தி வச்சுட்டாங்க போலன்னு. ஒரு வார்த்தைங்க. சொல்லிட்டேன். அதுக்கப்புறம் திருப்பி எடுக்க முடியலீங்க. எனக்கும் பொண்ணு ரெண்டு இருக்குதுங்க."

சாகிர் அவர்மேல் எரிந்து விழக் காத்திருந்தான். கொஞ்சம் பரிதாபமும் வந்து தொலைத்தது. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

"நீ ஏன் மக்கா வாயைத் திறக்கல?" என்று ஜலஜா கிளிட்டஸிடம் கேட்டார்.

"சாரு சொன்னாவ." தரையைப் பார்த்தே பேசினான். "நீ பெரிய தப்பு பண்ணிட்ட, வெளிய சொல்லாத, கேஸ் வராம நான் பாத்துக்கிடுகேன், ஊருக்கு அனுப்பி வச்சிருகேன்னு. தப்பு நான் பண்ணுனதுதானே? அவிய கறைன்னு சொன்னது எனக்குத் துருவாத் தெரிஞ்சுச்சு. சாரு நல்லவருன்னு நெனச்சேன் அக்கா."

ஜலஜா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார்; ஆமிரா அர்பாபுக்குப் போன் போட்டு அரபியில் நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போனை வைத்துவிட்டு ஆமிரா ஆங்கிலத்தில் சொன்னார்.

"திருட்டுப் புகார் இல்லை. அது முடிந்தது. பொய்ப் புகார் கொடுத்ததற்காக உமாபதி என்னோடு ஸ்டேஷனுக்கு வருவார். கிளிட்டஸின் விசாவை ரத்து செய்யச் சொல்கிறார் அர்பாப். அவர்மேல் வழக்கு வேண்டாமாம். முகத்தை மட்டும் பார்க்க விருப்பமில்லையாம்." கொஞ்சம் நிறுத்தினார். "கறை திரும்ப வருமா என்று கேட்டார்."



ஜலஜா சாகிரிடம் போனை எடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். அவன் ரெபேக்காளை அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். "கூட்டிட்டு வர்றோம்க்கா," என்றான். அவள் அழுகையும் ஜெபமும் ஒன்றாகக் கலந்து கேட்டன. வேலை போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஒரு நிமிஷம் போகட்டும் என்று விட்டுவிட்டான். அவளுக்கு இங்கே வேலை. இனி கிளிட்டஸுக்கு அங்கே ஊர். காலையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனாலும் பாதி வாக்குத்தான் என்று மனசு அரித்தது.

திரும்பியபோது, கிளிட்டஸ் மேசையருகே போய் நின்றிருந்தான். திறந்து கிடந்த கெஸ்ட்ரலை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். "உள்ள இம்புட்டுத் துரு கெடந்திருக்கே. நான் பாக்காம விட்டுட்டேனே." உண்மையான வருத்தம் அது. கை தன்னையறியாமல் சட்டைப் பையில் ஒரு துணியைத் தேடியது. "உப்பு அரிச்சுப் பாதி தின்னுட்டு. இப்பவே தேச்சு எண்ணெ போடலேன்னா..."

ஆமிராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கையைப் புரிந்துகொண்டு, கெஸ்ட்ரலைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

ஜலஜா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "அதத் தொடாத மக்கா. இன்னைக்கு உன்னய ஜெயிலுக்குப் போகாம நிறுத்துனது அதுதான்."

கிளிட்டஸ் இரும்பைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். எவ்வளவு முயன்றும் அவனுக்கு அது விளங்கவில்லை.

"துருதானே அக்கா?"

சாகிர் கிளிட்டஸின் தோளில் கை போட்டு வெளியே நடத்திக்கொண்டு போனான். கார் வரைக்கும் அந்தப் பூனை அவர்கள் பின்னாலேயே வந்தது.